ராடு போற பக்கம்

“அது ராடு போற பக்கங்கய்யா” என்றார் சவரிமுத்து. சொல்லிவிட்டு, மணி கேட்டவருக்கு மணி சொன்னவரைப்போல அடுத்த பெட்டியின் மூடியைத் திறக்கக் குனிந்துவிட்டார். முதல் பெட்டியில் கிடந்த, பூமியைத் துளைத்து எடுத்த கல் உருளைகள் ஒவ்வொன்றின் மேலும் சிவப்புப் பெயின்ட்டில் ஓர் அம்புக்குறி இருந்ததைப் பார்த்து, இது எதற்கு என்று தேர்வாளர் சுகிர்தராஜ் சும்மா பேச்சுக்குத்தான் கேட்டார். சவரிமுத்துவும் சும்மாதான் சொன்னார். இரண்டு பேர் சும்மா பேசிக்கொண்டது பக்கத்தில் நின்ற ஜெயக்கொடிக்கு மட்டும் சும்மாவாக இல்லை. ராடு போற பக்கம். ராடு என்பது பூமியில் துளை போடும் இரும்புக் குழாய். அது போகிற பக்கம் என்றால் கீழ்ப்பக்கம். மேலே இல்லை, கீழே. உதட்டுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். மேலே என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தாள், இந்த ஐந்து வருஷமும்? அம்பு என்றால் மேலே பார்க்கும். வீட்டுக்கு வருகிற ஃபிரிட்ஜ் அட்டைப்பெட்டியில்கூட அம்பு மேலேதான் பார்க்கும், யாரும் சொல்லித்தர வேண்டாம். துளை போடுகிறவர்களுக்கு மட்டும் அது தெரியாதா? ஏன் தெரிய வேண்டும்? நாள் முழுக்கக் கீழே போவதே பிழைப்பு என்கிறவர்களுக்கு அம்பும் கீழேதான் போகும். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அண்ணே, இந்த அம்பு எந்தப் பக்கம் பார்க்குது? கேட்கவில்லை. எம்.எஸ்ஸி. படித்தவள் போய் டிரில்லரிடம் அம்புக்குறிக்கு விளக்கம் கேட்பாளா? பதினான்கு பெட்டிகள் இரும்புச் சட்டத்தின்மேல் வரிசையாக இருந்தன. சுகிர்தராஜ் இரண்டாவதற்கு நகர்ந்தார். ஒன்பதாவதற்கு இன்னும் ஏழு பெட்டி இருந்தது.

மணி ஒன்பதே முக்கால். பதினொரு மணிக்கு மாடியில் செமினார் ஹாலில் அவளுடைய முனைவர் பட்ட வைவா. அதற்கு முன்னால் கற்களை நேரில் பார்த்துவிடுகிறேன் என்று சுகிர்தராஜ்தான் கேட்டார். வழக்கமாக எந்தத் தேர்வாளரும் கேட்பதில்லை. வருவார்கள், நான்கு கேள்வி கேட்பார்கள், சாப்பிட்டுவிட்டு ரயிலைப் பிடிப்பார்கள். இவர் அவளைவிட ஆறேழு வயது சின்னவர், நாகர்கோவில்காரர், வடக்கே ஏதோ பெரிய ஆராய்ச்சி நிலையத்தில் இருக்கிறவர், லென்ஸும் தண்ணீர் அடிக்கும் ஸ்ப்ரே பாட்டிலும் கையோடு கொண்டுவந்திருந்தார். புஸ், புஸ் என்று கல்லில் அடித்தார். நனைந்ததும் கல்லின் வரிகள் எழுந்து வந்தன. அவருக்குப் பின்னால் அவளுடைய கைடு, பேராசிரியர் வைத்தியலிங்கம், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, சம்பந்தி வீட்டாருக்கு மண்டபத்தைச் சுற்றிக்காட்டுகிற தோரணையில் நடந்தார். கடைசியில் ஜெயக்கொடி, பட்டுப்புடவையில். கல் கொட்டகைக்குப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தவள் தான் ஒருத்தியாகத்தான் இருக்கும் என்று காலையில் சிரித்துக்கொண்டாள். இப்போது அந்தப் புடவை முதுகில் ஒட்டியது. தகரக் கூரை பிப்ரவரி வெயிலுக்கே படபடக்க ஆரம்பித்திருந்தது. மாடியில் அவள் கணவன் குணாளன் பேப்பர் தட்டுகளில் முந்திரி பக்கோடாவும் லட்டுவும் எடுத்து வைத்துக்கொண்டிருப்பான், லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறான், டிபார்ட்மென்ட்டுக்கே மத்தியானச் சாப்பாடு சொல்லியாயிற்று. வைவாவுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் பக்கோடாவுக்காகத்தான் வருவார்கள், அதில் தப்பு ஒன்றும் இல்லை, அவளும் மற்றவர்கள் வைவாவுக்கு அப்படிப் போனவள்தான். மூன்றாவது பெட்டி. சவரிமுத்து மூடியை எடுத்துச் சுவரில் சாய்த்தார். புஸ்.

எல்லாப் பெட்டியும் இல்லை, ஒன்பது ஒன்றுதான், மற்ற பதின்மூன்றையும் துளை போட்ட இடத்திலேயே, அரியலூருக்குக் கிழக்கே அந்த முந்திரிக்காட்டில், சவரிமுத்துவே எடுத்து எடுத்து வரிசையாக அடுக்கியிருக்கிறார், அவற்றில் அம்பு எந்தப் பக்கம் பார்த்தால் யாருக்கு என்ன? ஒன்பதைத்தான் லாரியிலிருந்து இறக்கும்போது கைநழுவவிட்டார்கள். மழை பெய்து ஓய்ந்த நாள். ஐந்து மீட்டர் கல்லும் துண்டு துண்டாகச் சேற்றில் உருண்டது. ஆழம் எழுதிய மரக்கட்டைகளின் மை கரைந்துபோயிற்று. சவரிமுத்து அன்றைக்கு இல்லை, அடுத்த ஊருக்கு மெஷினோடு போய்விட்டார். அவள் சாக்கை விரித்து உட்கார்ந்து, ஒவ்வொரு துண்டாகக் கழுவி, உடைந்த விளிம்பை உடைந்த விளிம்போடு வைத்து, சேர்கிறதா சேரவில்லையா என்று பார்த்து, உடைந்த வளையலை ஒட்டவைத்துப் பார்க்கிற சின்னப் பெண்ணைப்போல மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தாள். சாப்பிடவில்லை. அவ்வளவு சந்தோஷமாக அவள் வேறு எந்த நாளிலும் இருந்ததில்லை, கல்யாணத்தன்றும் இல்லை, குணாளனிடம் இதைச் சொன்னதில்லை. கடைசித் துண்டும் பொருந்தியது. வரிசை சரி. இன்றைக்கும் அந்த வரிசை சரி. எந்த முனை தலை, எந்த முனை கால் என்பது மட்டும்தான் பாக்கி. அதற்குத்தான் அம்பு இருக்கிறதே என்று, அம்பின் கூர் மேலே பார்க்கும்படி வைத்து மூடினாள். மற்றப் பெட்டி ஒன்றைத் திறந்து அதில் அம்பு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பார்க்கத் தோன்றவில்லை. கைகழுவிக்கொண்டு பஸ் ஏறினாள்.

நான்காவது பெட்டி. கறுத்த களிமண்கல். இது ஆழமான கடல், அலை தொடாத இடம், சேறு மெல்ல மெல்லப் படிந்து இறுகியது. சுகிர்தராஜ் தலையாட்டினார். இதில் யாருக்கும் சண்டை இல்லை. பத்துக் கோடி வருஷத்துக்கு முன்னால் இந்தப் பக்கமெல்லாம் கடல் ஏறியது என்பது பழைய கதை, பள்ளிக்கூடப் பிள்ளைகளே முந்திரிக்காட்டில் சிப்பிக்கல் பொறுக்குகிறார்கள். பதினான்கிலிருந்து பத்து வரைக்கும் பெரும் பெரும் மணல், ஆறு கொண்டுவந்து போட்டது, கரை. எட்டிலிருந்து ஒன்று வரைக்கும் சேறு, ஆழ்கடல். நடுவில் ஒன்பது. அந்த ஒரு பெட்டிக்குள் கரையும் இருக்கிறது, அலை வரிவரியாகக் கோடு போட்ட நுண்மணலும் இருக்கிறது, சேறும் இருக்கிறது. எது கீழே எது மேலே என்பதுதான் கேள்வி. கீழே கரை மணல், அதன்மேல் அலை மணல், அதன்மேல் சேறு என்றால் கடல் வந்தது, வந்துகொண்டே இருந்தது, அவ்வளவுதான், எல்லோரும் சொன்ன கதை. அவள் பெட்டியில் தலைகீழ். கீழே சேறு, மேலே கரை. அதாவது கடல் வந்த வழியில் ஒருமுறை பின்வாங்கியிருக்கிறது, பின்வாங்கிக் கரையைத் திறந்துவிட்டு, அப்புறம் மறுபடியும் ஏறியிருக்கிறது. இந்தப் பின்வாங்கலை இதுவரைக்கும் யாரும் பார்த்ததில்லை. ஜெயக்கொடி பார்த்தாள். அதுதான் தீசிஸ், அதுதான் இருநூற்றுப் பத்துப் பக்கம், வைத்தியலிங்கம் போகிற கருத்தரங்கில் எல்லாம் ‘எங்க ஜெயக்கொடி கண்டுபிடிச்ச பின்வாங்கல்’ என்று சொல்லிச் சொல்லி அதற்குக் கிட்டத்தட்ட அவள் பெயரையே வைத்துவிட்டார். அந்த அலை வரிகளை விளங்கிக்கொள்ள மகளைக் கூட்டிக்கொண்டு தரங்கம்பாடிக்குப் போய், அலை வற்றிய மணலில் முழங்காலிட்டு வரிகளைத் தடவித் தடவிப் பார்த்தாள். மகள் தள்ளிப் போய் நின்றுகொண்டு, அம்மா எந்திரிம்மா, எல்லாரும் பாக்குறாங்க, எதையோ தொலைச்சிட்டோம்னு நெனைக்கிறாங்க என்றாள். இல்லாத பின்வாங்கல். கடல் எங்கேயும் போகவில்லை. போனதாகச் சொன்னது அவள்தான்.

ஐந்து. இரு, இரு, ஒரு நிமிஷம், இந்த ஆள் எல்லாத் துளையிலும் அப்படித்தான் போடுவார் என்று என்ன நிச்சயம்? அன்றைக்கு வேறு யாராவது அம்பு போட்டிருக்கலாமே, கூட வேலை செய்தவன் யாராவது, அவன் மேலே பார்த்துப் போடுகிறவனாக இருக்கலாமே. அப்படி இருந்தால் எல்லாம் சரியாகிவிடும். இருக்கலாம். இந்த ‘கலாம்’ இருக்கிறதே, அவளுக்கு ரொம்ப வேண்டப்பட்ட சொல். வயிற்றில் மகள் எட்டாம் மாதம் தலை மேலே கால் கீழே என்று கிடந்தாள். ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா, திரும்பிக்கலாம், நாளிருக்கு என்றாள். நாளெல்லாம் வயிற்றைத் தடவிக்கொண்டு படுத்திருந்தாள். ஒருநாள் விடிகாலையில் உள்ளே ஏதோ பெரிசாக உருண்டது, மூச்சை நிறுத்திவிட்டு, விட்டது. திரும்பியிருந்தாள் பிள்ளை. தானாக. ஒன்பதாம் பெட்டி தானாகப் புரளாது. அதற்குள் கடல் செத்துப் பத்துக் கோடி வருஷம் ஆகிவிட்டது. ஆறாவது பெட்டிக்கு அவர் நகர்ந்தபோது, ஏன் இவ்வளவு பதறுகிறாய், உனக்கு என்ன இப்போதுதானா தெரியும் என்று உள்ளே ஒரு குரல் கேட்டது. அதை அவள் சட்டென்று அமுக்கினாள். அமுக்கியதைப் பார்த்துக்கொண்டிருந்ததும் அவளேதான்.

புழு வளை. சரி, அதையும் பார்த்துவிடுவோம். ஒன்பதாம் பெட்டி, மூன்றாவது வரிசை, இடமிருந்து இரண்டாவது துண்டு. கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு லாட வடிவம். கடலடி மணலில் ஒரு புழு தோண்டிக் குடியிருந்த வளை. ஒரு வாய் வழியாகத் தண்ணீரை இழுக்கும், மறு வாய் வழியாக விடும், அதனால் இரண்டு வாயும் மேலே இருக்கும், வளைவு கீழே இருக்கும். வேறு மாதிரி இருக்க முடியாது, மூச்சு முட்டிச் செத்துப்போகும். முதல் வருஷப் பிள்ளைகளுக்கு அவளே கரும்பலகையில் வரைந்து காட்டுவாள், பிள்ளைகளா, கல் தலைகீழா நேரான்னு சந்தேகம் வந்தா புழுவைக் கேளுங்க, புழு பொய் சொல்லாது என்பாள். ஒன்பதாம் பெட்டியில் அந்த லாடம் கவிழ்ந்து கிடந்தது. போன வருஷத்துக்கு முந்தின வருஷம், ஐப்பசி மழையில், இதே கொட்டகையில், தனியாக, லென்ஸை வைத்துப் பார்த்தாள். பார்த்ததும் தெரிந்துவிட்டது. ஒரு கணம்தான். அப்புறம் தெரியாமல் போய்விட்டது, அதாவது தெரியாமல் போகும்படி பார்த்துக்கொண்டாள். தீசிஸ் பாதிக்குமேல் எழுதியாகியிருந்தது. கட்டுரை வெளியாகியிருந்தது. அவள் பாடம் நடத்தும் கல்லூரியில் முனைவர் பட்டம் இல்லாதவர்கள் வேலையில் தொடர முடியாது என்று சுற்றறிக்கை எப்போது வேண்டுமானாலும் வரும் என்று பேச்சு இருந்தது, இந்த வருஷம் ஜூன் கெடுவோடு அது வந்தும்விட்டது. நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் ஓர் அடிக்குறிப்பு எழுதினாள். ‘இவ்வளையின் கவிழ்ந்த தோற்றம் துளையிடும்போது ஏற்பட்ட குலைவாக இருக்கலாம்.’ இருக்கலாம். எறும்பு அளவு எழுத்தில். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள், அவள் அடிக்குறிப்பில் மறைத்தாள். அதில் என்ன ருசி என்றால் யாரும் சோற்றைக் கிளறவில்லை. வைத்தியலிங்கம் படித்தார், ஒன்றும் சொல்லவில்லை. வெளிநாட்டுத் தேர்வாளர் படித்தார், ஒன்றும் சொல்லவில்லை. ஒவ்வொருவர் ஒன்றும் சொல்லாதபோதும் அது கொஞ்சம் கொஞ்சமாக உண்மையாகிக்கொண்டு வந்தது. துளையிடும்போது. துளையிட்டது யார்? அப்போதே பழியைத் தூக்கி சவரிமுத்து தலையில் வைத்துவிட்டிருக்கிறாள். அவருக்குத் தீசிஸ் படிக்கத் தெரியாது, அதனால் சுமக்கிறது தெரியாமல் சுமந்துகொண்டிருந்தார்.

ஏழு. சவரிமுத்து மூடியைத் தூக்கும்போது இடுப்பில் கைவைத்துக்கொண்டார். அறுபத்தைந்து இருக்கும். மெஷின் வேலைக்கு இனி முடியாது என்று, கற்பெட்டி தூக்கி வைக்க, கூட்டிப் பெருக்க என்று டிபார்ட்மென்ட்டில் அவ்வப்போது கூப்பிடுகிறார்கள். இன்றைக்கு வெள்ளைச் சட்டை போட்டு வந்திருக்கிறார். அம்மாவுக்குப் பட்டம் கெடைக்குதுல்ல, நம்ம கல்லுல என்று காலையில் சொன்னார். நம்ம கல்லு. சொல்லாவிட்டால் என்ன? யாருக்குத் தெரியும்? இந்தக் கொட்டகையில் அந்தப் பெட்டி கொட்டியது தெரிந்தவள் அவள் ஒருத்திதான். எட்டாம் பெட்டியின் அடியும் ஒன்பதின் தலையும் பொருந்தவில்லையே என்று கேட்டால் நடுவில் கொஞ்சம் கல் நொறுங்கிப்போச்சு சார் என்று எழுதியிருப்பதையே சொல்லலாம். இதனால் யார் வீடு இடிந்துவிடப்போகிறது? யார் குடிதண்ணீரில் உப்பு ஏறப்போகிறது? கடல் அன்றைக்குப் பின்வாங்கியதா இல்லையா என்பதைத் தெரிந்துகொண்டு யார் என்ன செய்யப்போகிறார்கள்? ஆனால் அப்படி நினைத்ததும் அவளுக்கு நெஞ்சு அறுந்த மாதிரி இருந்தது, ஏனென்றால் இருபது வருஷமாக அவளிடம் இதையே கேட்டவர்கள்மேல் அவளுக்கு அவ்வளவு கோபம். மாமியார் கேட்டாள், பேங்க்கில் இருக்கிற நாத்தனார் கேட்டாள், கல்லைப் பார்த்து என்ன ஆகப்போகுது. அவர்கள் பக்கம் அவளே போய் நின்றுகொண்டுவிட்டாள். எட்டு. புஸ். மேடம், இதுல சிப்பி இருக்கு, பாத்தீங்களா என்றார் சுகிர்தராஜ். பாத்தேன் சார் என்றாள். குரல் சாதாரணமாகத்தான் வந்தது. அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஒன்பதாவது பெட்டியின் மூடி திறந்தது.

அவர் முதல் வரிசையில் தண்ணீர் அடித்தார். குனிந்தார். இரண்டாவது வரிசை. அலை வரிகள் நனைந்து எழுந்தன, மெல்லிசாக, ஒன்றின்மேல் ஒன்றாக, நேற்றுக் காலையில் வற்றிய கடல் போட்டுவிட்டுப் போன மாதிரி. மூன்றாவது வரிசை. இடமிருந்து முதல் துண்டு. இரண்டாவது துண்டு. ஜெயக்கொடி தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள், மணி பார்க்கவில்லை, எங்கேயாவது பார்க்க வேண்டும் என்று பார்த்தாள். லாடம் இருந்த முகம் உட்பக்கமாகத் திரும்பியிருந்தது. யார் திருப்பியது என்று கேட்டால், அவள்தான், ஐப்பசியில். அவர் லென்ஸ் அதையும், மற்றப் பெட்டிகளுக்கு எதிராகப் பார்க்கும் அம்புகளையும் தாண்டிப் போய்விட்டது. நான்கு, ஐந்து. நிமிர்ந்தார்.

“அழகா இருக்கு மேடம். இவ்வளவு சுத்தமா கடல் பின்வாங்குறத நானே ஒரு பெட்டிக்குள்ள பாத்தது கெடையாது, கேட்டீங்களா” என்றார். போனை எடுத்தார். “ஒரு போட்டோ எடுத்துக்கிடலாமா? எங்க பிள்ளைகளுக்குக் காட்டணும்.”

“தாராளமா எடுங்க, இனிமே இது ஊர்ச் சொத்து” என்று சிரித்தார் வைத்தியலிங்கம்.

தப்பித்தாயிற்று. ஜெயக்கொடி அந்தச் சொல்லை உள்ளே சொல்லிப் பார்த்தாள், தப்பித்தாயிற்று, ஒன்றும் இறங்கவில்லை. போனில் கிளிக் என்று ஒரு சத்தம். இன்னொரு கோணம், இன்னொரு கிளிக். பிள்ளைகளுக்குக் காட்டணும். வடக்கே ஏதோ ஒரு வகுப்பில், முப்பது நாற்பது பிள்ளைகள், கடல் போகாத இடத்தில் கடல் போனதை நோட்டில் வரைந்துகொள்வார்கள், தேர்வில் எழுதி மார்க் வாங்குவார்கள். அவர் பத்தாவது பெட்டிக்குக் காலை எடுத்து வைத்துவிட்டார்.

“சார். அந்தப் பெட்டி தலைகீழா இருக்கு.”

யார் சொன்னது என்று திரும்பிப் பார்க்கிறவளைப்போல அவளே ஒருமுறை திகைத்தாள். சுகிர்தராஜ் நின்றார். அவள் சொல்லிக்கொண்டே போனாள். பெட்டி கொட்டியது, சேறு, துண்டுகளைப் பொருத்தியது, அம்பு. வார்த்தைகள் முட்டிக்கொண்டு வந்தன. “அம்பு மேல் பக்கம்னு நெனச்சு வெச்சுட்டேன் சார். இப்பத்தான், அவரு சொன்னதுக்கப்புறம்தான் எனக்கே தெரியுது.” இப்பத்தான். அந்தச் சொல்லைச் சொல்லும்போதே அது பொய் என்று தெரிந்தது. ஆனாலும் எவ்வளவு சுலபமாக வந்தது, ஓட்டை போட்டு வைத்த இடத்தில் ஆணி இறங்குகிற மாதிரி.

சுகிர்தராஜ் திரும்பி வந்து பெட்டியைப் பார்த்தார், பத்தாவதைப் பார்த்தார், எட்டாவதைப் பார்த்தார். “ஓ” என்றார். அப்புறம் சொன்னார், “நடக்கும் மேடம். இந்த அம்புக் கொழப்பம் எங்க எடத்துலயும் ஒருக்க நடந்திருக்கு. நீங்களாச் சொன்னீங்களே, அதாக்கும் பெருசு. இன்னைக்கு வைவா நடக்கட்டும். அஞ்சாவது அதிகாரத்த மாத்தி எழுதி மூணு மாசத்துல குடுங்க. தப்பான குறியால நேர்ந்ததுன்னு நான் அறிக்கையில எழுதிருதேன்.”

மூன்று மாதம் என்றால் மே. ஜூனுக்கு முன்னால். இவ்வளவுதானா? ஏழு பெட்டியாகச் செத்துச் செத்துப் பிழைத்தாளே, இவ்வளவுதானா? ஒரு விநாடி நிஜமாகவே மகிழ்ச்சியாக இருந்தது, அதை மறைப்பதில் பயனில்லை. அதற்குள் வைத்தியலிங்கம் திரும்பிவிட்டார், அவள் பக்கம் அல்ல.

“ஏன்யா சவரிமுத்து, மேல் எது கீழ் எதுன்னு பார்த்துப் போடத் தெரியாதா உனக்கு? ஒரு பொம்பளையோட அஞ்சு வருச உழைப்பு! உன் இஷ்டத்துக்கு அம்பு போடுவியா?”

சவரிமுத்து மூடியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். “எங்க கம்பெனில அப்படித்தாங்கய்யா பழக்குனாங்க...”

“கம்பெனியாவது மண்ணாவது. எழுதுங்க சார், டிரில்லர் தப்பா குறி போட்டார்னே எழுதுங்க. இந்தாள இனிமே கோர்ப் பெட்டி பக்கமே விடக் கூடாது.”

சவரிமுத்து அவளைப் பார்த்தார். சண்டைக்கு நிற்கிற பார்வை இல்லை. பிள்ளைக்கு அடிபட்டுவிட்டதோ என்று பார்க்கிற பார்வை. “தப்பாப் போச்சுங்கம்மா” என்றார். “மன்னிச்சுக்கங்கம்மா. தெரியாமப் பண்ணிட்டேன்.” வெள்ளைச் சட்டையில் நின்றுகொண்டு கையெடுத்துக் கும்பிட வந்தவர், கையில் மூடி இருந்ததால் கும்பிட முடியாமல், அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் அப்படியே நின்றார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அவள் பேசாமல் இருந்தால் போதும். ஒன்றுமே செய்ய வேண்டாம். மாடிக்குப் போக வேண்டியது, நான்கு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியது, எல்லோரும் கைதட்டுவார்கள், குணாளன் லட்டுத் தட்டை நீட்டுவான். அப்புறம் இவரிடம் தனியாக ஏதாவது சொல்லிக்கொள்ளலாம், ஒரு வேட்டி சட்டை எடுத்துக் கொடுத்து. சொல்லிக்கொள்ளலாம். கலாம். அந்தக் ‘கலாம்’ வந்ததும் அவளுக்குத் தன்மேலேயே அப்படி ஓர் அருவருப்பு வந்தது.

“இப்பத்தான் இல்ல சார்” என்றாள்.

“எது?”

“தெரிஞ்சது. ரெண்டு வருசத்துக்கு முன்னாடியே தெரியும்.” பட்டுப்புடவையோடு தரையில் முழங்காலிட்டாள். மூன்றாவது வரிசையில் இரண்டாவது துண்டை எடுத்து, உட்பக்கம் மறைந்திருந்த முகத்தைத் திருப்பி அவரிடம் நீட்டினாள். “புழு வளை. கவுந்து கெடக்கு. அன்னைக்கே பாத்தேன். பாத்துட்டுத் துளை போட்டதுல வந்த கோளாறுன்னு நூத்தி நாப்பத்தி மூணாம் பக்கத்துல எழுதினேன். இவரு மேல ஒரு தப்பும் இல்ல. அம்பு தெரியாமப் போனது தப்புன்னா, அதுவும் கேக்காத என் தப்பு. இது தெரிஞ்சே பண்ணினது.”

சுகிர்தராஜ் கல்லை வாங்கினார். தண்ணீர் அடிக்கவில்லை. வெறும் கண்ணுக்கே தெரிந்தது. தோள்பையிலிருந்து தீசிஸை எடுத்தார், பக்கத்தைத் தேடினார், நின்றவாக்கில் படித்தார். அந்த எழுத்துக்குக் கண்ணைச் சுருக்க வேண்டியிருந்தது. வைத்தியலிங்கம் “ஜெயக்கொடி” என்று மட்டும் சொன்னார்.

“அப்பம் இத வேற மாதிரிதான் எழுதணும் மேடம்” என்றார் சுகிர்தராஜ். குரலில் கோபம் இல்லை, முன்பிருந்த இனிப்பும் இல்லை. “இன்னைக்கு வைவா நடக்காது. துறைக்கு எழுதணும். உங்க காலேஜுக்கும் போகும்.”

“எழுதுங்க சார்.”

அவர் கல்லைப் பெட்டியில் வைக்காமல் அவள் கையிலேயே கொடுத்துவிட்டு வெளியே போனார். வைத்தியலிங்கம் பின்னாலேயே, “சார், ஒரு நிமிசம் சார்” என்று ஓடினார். வெயிலில் அவர்கள் நிழல் இரண்டும் கொட்டகை வாசலைத் தாண்டின. மாடியில் யாரோ மைக்கைத் தட்டி ஹலோ, ஹலோ என்று சோதித்தார்கள். குணாளனிடம் எப்படிச் சொல்வது, எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது, அறுபது பேர் சாப்பாட்டை என்ன செய்வது, ஜூனுக்கு அப்புறம் என்ன செய்வது? தரையிலேயே உட்கார்ந்திருந்தாள்.

சவரிமுத்து இன்னும் மூடியைப் பிடித்தபடி நின்றார். நடந்ததில் பாதி அவருக்குப் புரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

“அம்மா” என்றார். “அப்ப நான் போட்டது சரிதானாம்மா?”

“சரிதாண்ணே. நீங்க போட்டது சரி.”

அவர் மூடியைக் கீழே வைத்தார். பத்தாம் பெட்டியின் விளிம்பில் மெதுவாக உட்கார்ந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை ஒரு தடவை அழுத்தித் துடைத்தார், மறுபடியும் துடைத்தார்.

“நாப்பது வருசம்மா. நெய்வேலி, ஆந்திரா, ஒரிசான்னு எத்தனை ஆயிரம் கல்லுல போட்டிருப்பேன் அந்த அம்ப. அய்யா சொன்னப்ப, எல்லாத்தையும் தப்பாவே போட்டுட்டு வந்துட்டமோன்னு...” கையை விரித்துக் காட்டினார். ஜெயக்கொடிக்கு அப்போதுதான் அழுகை வந்தது.